மூலை கறுத்த கார்டு

போன மாதம் எனக்கு எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் ஜில்லென்று ஏதோ பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தி, "பாருங்கம்மா, இதுதான் வால்வு. கதவு மாதிரி திறந்து திறந்து மூடுது பாருங்க" என்று அந்தப் பெண் திரையைக் காட்டினாள். அரை மணி நேரத்தில் ரிசல்ட்டைக் கையில் கொடுத்து, வரி வரியாக அர்த்தமும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயசுக்கேற்ற தேய்மானம், வேறொன்றும் இல்லையாம். சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடப்பாவிகளா, இந்த அரை மணி நேரம் அன்றைக்குக் கிடைத்திருந்தால் பதினோரு நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்க மாட்டேனே!

அது அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயசு, கல்யாணமாகி இரண்டு வருஷம், வயிற்றில் ஐந்து மாதம். சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டில் மூன்றே பேர்: நான், ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அத்தை புவனகிரிப் பக்கத்து ஆள். வயல் வேலை பார்த்த உடம்பு, வாய் அதைவிடக் கெட்டி. நான் அம்மியில் கை வைத்தால் "அரைக்கிறியா, அம்மிக்கு கால் அமுக்கி வுடுறியா?" என்பார். ஒன்றரை வருஷமாக விசேஷம் இல்லை என்று மாதா மாதம் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர். நானும் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். மாமா பாவம், நடுவில் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போய்விடுவார்.

ஐந்தாம் மாதம் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிணற்றிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தால் வாசற்படியில் உட்கார வேண்டியிருந்தது. ஊரில் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா குழாயை வைத்து என் நெஞ்சைக் கேட்டார். மறுபடி கேட்டார். முகம் மாறிப் போனது. "இருதயத்துல கூடுதலா ஒரு சத்தம் கேக்குது. கடலூர்ல இருதய டாக்டர் ஒருத்தர் இருக்கார், லெட்டர் தர்றேன், உடனே போங்க" என்றார்.

மாமா கடைக்கு லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அந்த டாக்டரின் வீட்டிலேயே ஆஸ்பத்திரி. என் கையிலும் காலிலும் பட்டை கட்டி, ஒரு இயந்திரத்தை ஓட்டி, நீளமான தாளில் கோடு எடுத்தார்கள். வயிற்றின் மேல் ஈயப் போர்வை ஒன்றைப் போர்த்தி நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வயசானவர், பொறுமைசாலி. "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சல் வந்து படுத்ததுண்டா?" என்று கேட்டார். பன்னிரண்டு வயசில் முட்டி வீங்கி ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்திருக்கிறேன். சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு மாமாவிடம் பேசினார். என்னிடம் இல்லை, மாமாவிடம்.

"அந்தக் காய்ச்சல் சில பேருக்கு இருதய வால்வைக் கெடுத்துட்டுப் போயிடும். அப்படிக் கெட்டிருந்தா பிரசவம் தாங்காது. இந்தப் புள்ள வேணாம்னு சொல்ல வேண்டி வரலாம், மெட்ராசுக்கு அனுப்ப வேண்டி வரலாம். படத்தைக் கழுவி, கோட்டோட வச்சுப் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும். ஒரு வாரத்துல கார்டு போடறேன்."

வீட்டுக்கு வந்ததும் அத்தை "என்னா சொன்னாரு?" என்று கேட்க, மாமா முழுவதையும் சொன்னார். அத்தை என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அது சுருக்கென்றது. பேரன் போச்சே என்கிற கவலைதான் கிழவிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாளிலிருந்து வீட்டில் எல்லாம் மாறிப் போனது. நான் பின்கட்டில் துணி அலசிவிட்டு முன்பக்கம் வந்தேன். அத்தை வாசலில் நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "உள்ள போ, வெயிலு" என்றார். அப்புறம் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை, நடு மத்தியானம்.

"என்னாத்த இது, இந்நேரத்துல தலைக்கு ஊத்துறீங்க?"

"அரிச்சுது. ஊத்துனேன். அதுக்கும் உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

அன்று சாயங்காலம் மாமா வந்ததும் அத்தை அவரைச் சந்துமுனைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குசுகுசுவென்று பேசினார். நான் எட்டிப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து அத்தை என்னைத் திட்டுவதையே விட்டுவிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கிளப்பியது. அம்மியை என் கையிலிருந்து பிடுங்கித் தானே அரைத்தார். மீன் குழம்பு வைத்தால் வால் துண்டுதான் எனக்கு என்றிருந்தது போய், நடுத்துண்டு என் தட்டில் விழுந்தது. நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார். "நல்லா சாப்புடு புள்ள" என்பார். புள்ளயாம்! இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

மாமாவோ சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய் வந்தார். ஒரு நாள் புவனகிரி என்றார், ஒரு நாள் கடை வேலை என்றார். ராத்திரி நான் தூங்கிவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தார். டாக்டரிடமிருந்து கார்டு வந்ததா என்று கேட்டால் "இன்னும் வரல, வரும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குப் புரிந்துபோனது. கார்டு வந்துவிட்டது. வால்வு கெட்டுத்தான் போயிருக்கிறது. பிள்ளையும் இல்லை, நானும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதை இவர்கள் இரண்டு பேரும் படித்துவிட்டு என்னிடம் மறைக்கிறார்கள். தனியாக இருக்கும்போதெல்லாம் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பேன். தடதடவென்று அடிக்கும். இதில் எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம்? யாரிடம் கேட்பது? வயிற்றில் அப்போதுதான் பிள்ளை அசைய ஆரம்பித்திருந்தது. அது அசையும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அழுதால் நெஞ்சுக்கு ஆகாதோ என்று அதையும் அடக்கிக்கொள்வேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா காலையிலேயே எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்து கை கால் கழுவப் போனார். நான் வீடு பெருக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றில் ஒரு பை சிக்கியது. இழுத்துப் பார்த்தால் மஞ்சள் துணிப் பை. ஓரத்தில் பச்சை நூலில் கோணல் மாணலாக ஒரு கிளி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானே போட்ட பூவேலை. குறிஞ்சிப்பாடியில் என் அம்மா வீட்டில் ஆணியில் தொங்கும் பை அது. உள்ளே என் அம்மா சுட்ட முறுக்கு, இன்னும் நமத்துக்கூடப் போகவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் மாமா என் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். எதற்கு? எங்கள் பக்கத்தில் ஒருத்தி போய்விட்டால் அவள் தங்கையைக் கட்டுவது வழக்கம்தான். பச்சைப் பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம். என் தங்கைக்குப் பதினேழு வயசு. ஆனால் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே!

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பையை அவர் காலடியில் வீசினேன். முறுக்கு நாலாபக்கமும் உருண்டது.

"பொண்ணு பாத்துட்டு வந்தாச்சா? பேசி முடிச்சாச்சா? நல்லா கட்டிக்குங்க. அவளுக்கு என்னைவிட நல்லா சமைக்க வரும், எதுத்தும் பேச மாட்டா. ஒண்ணே ஒண்ணு, என் புள்ள பொழச்சா அதைத் திட்டாம வளக்கச் சொல்லுங்க. ஆனா ஏன் மாமா, என் மூச்சு நிக்கிற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா? என் நெஞ்சு, என் உயிரு, கார்டுல என்னா எழுதியிருக்குன்னு என்கிட்ட சொல்ல உங்களுக்கு என்னா கேடு?"

மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "பொண்ணா? யாரு பொண்ணு? நீ எதுக்கு புள்ள சாவப் போற?"

"அப்ப எதுக்கு எங்க அம்மா வூட்டுக்குத் திருட்டுத்தனமா போனீங்க?"

"உங்க வூட்ல எல்லாரும் உசுரோட இருக்காங்களான்னு பாக்கப் போனேன்!"

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து அத்தை ஓடி வந்தார். கொட்டிக் கிடந்த முறுக்கையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம்தான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி என்றால் கார்டின் மூலையில் கறுப்பு மையைத் தடவி அனுப்புவார்கள். அதை வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகித்தான் உள்ளே வரவேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி காதில் மட்டும் அது விழவே கூடாது. ஐந்தாம் நாள் மத்தியானம் தபால்காரர் போட்டுவிட்டுப் போன கார்டில் மூலை கறுப்பாக இருந்திருக்கிறது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று திரும்பினால், துணி அலசிவிட்டு நான் வந்து நிற்கிறேன்.

"நீ பாத்துடப் போறியேன்னு பதறிப் போயி, கிழிச்சு சாக்கடையில வுட்டுட்டேன். தண்ணி அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. யாரு செத்தாங்கன்னே தெரியாம தலை முழுகுனவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்டி" என்றார் அத்தை.

"புவனகிரில எல்லாரும் இருக்காங்க. சேத்தியாத்தோப்புல இருக்காங்க. பாக்கி உங்க ஊருதான்" என்றார் மாமா. "இன்னிக்குப் போனா உங்கம்மா மாவு பெசஞ்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மாப்புள்ள திடீர்னு வந்திருக்கீங்களேன்னு கேட்டாங்க. நீங்க செத்துட்டீங்களான்னு பாக்க வந்தேன்னா சொல்ல முடியும்? சும்மா வந்தேன்னேன். முறுக்கைக் குடுத்தாங்க. தூக்கிப் போடவும் மனசு வரல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அத்தைகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது: யாரும் சாகவில்லை என்றால், ஒரு வாரத்தில் போடுவதாகச் சொன்ன டாக்டரின் கார்டு எங்கே?

"அத்த, அந்த கார்டுல முத்திரை ஏதாவது இருந்துதா?"

"ஆமா. கீழ ஊதா கலர்ல வட்டமா ஒண்ணு இருந்துது."

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் எங்கள் கையில் கொடுத்தனுப்பிய மருந்துச் சீட்டை மாமா அலமாரியிலிருந்து எடுத்தார். கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரே கறுப்பு தடவி அனுப்பிட்டாரா?" என்றார் மெதுவாக.

தரையில் கிடந்த முறுக்கை மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். நீங்கள் வரவேண்டாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுபோல அத்தை எங்களுக்கு முன்னால் தலை வாரி, வெற்றிலைப் பையோடு வாசலில் நின்றிருந்தார். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கடலூரில் இறங்கும் வரை விடவில்லை. கை காய்ப்புக் காய்த்துச் சொரசொரவென்று இருந்தது.

டாக்டருக்கு எங்களைப் பார்த்ததும் ஆச்சரியம். "கார்டு போட்டேனே, வரலியா?" என்றார். மாமா, "வந்துது சார், படிக்கிறதுக்குள்ள கிழிஞ்சு போச்சு" என்றார். டாக்டர் கம்பவுண்டரைக் கூப்பிட்டு என் படத்தையும் கோட்டுத் தாளையும் தேடி எடுத்து வரச் சொன்னார். கம்பவுண்டர் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு உறையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அத்தை எழுந்து நின்றார்.

"டாக்டரய்யா, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நான் படிக்காதவ, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. ரெண்டுல ஒண்ணுதான் தங்கும்னா, எங்களுக்குப் புள்ள வேணாம். இவ போதும். மெட்ராசுக்குப் போவணும்னாலும் போறோம். இவளை மட்டும் குடுத்துடுங்க."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து, வெற்றிலைப் பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. கெட்ட வால்வு அடைப்பதாக இருந்தால்கூட அப்படி அடைத்திருக்காது.

கம்பவுண்டர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மாமாவைப் பார்த்து, "ஒண்ணும் பயமில்ல. இருதயம் நல்லா இருக்கு" என்றார். அதையும் மாமாவிடம்தான். எனக்குப் பதினோரு நாள் அடக்கி வைத்ததெல்லாம் கிளம்பிவிட்டது.

"சார், நெஞ்சு என்னுது. என்கிட்ட சொல்லுங்க. நல்லா இருக்குன்னா எப்படி நல்லா இருக்கு? அப்ப அந்தச் சத்தம் என்னா?"

மாமா பயந்துபோய் என்னைப் பார்த்தார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். படத்தில் வெள்ளையாகத் தெரிந்த நிழலைக் காட்டினார். "இதுதான் உன் இருதயம். மார்புக்கூட்டோட அகலத்துல பாதிக்குள்ள அடங்கி இருக்கணும். அடங்கியிருக்கா பாரு. வால்வு கெட்டிருந்தா இது வீங்கி வெளியில தள்ளியிருக்கும்." அப்புறம் கோட்டுத் தாளை விரித்தார். "இந்தச் சின்ன மேடு, மேல் அறை சுருங்குறது. இந்த உசந்த முனை, கீழ் அறை சுருங்குறது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி. ஒண்ணுகூடத் தப்பல." நான் விரலால் ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே போனேன். அவர் தாள் நகராமல் பிடித்துக்கொண்டார்.

"சத்தம்?" என்று கேட்டது அத்தை.

"ஊர்ல வாய்க்கால் பாசனமாம்மா? மதகுல தண்ணி ஜாஸ்தியா திறந்துவுட்டா சத்தம் கூடுமா, குறையுமா?"

"கூடும்."

"அதனால மதகு உடைஞ்சு போச்சுன்னு அர்த்தமா?"

"அதெப்படி?"

"அவ்வளவுதான். புள்ளைக்கும் சேத்து இவ உடம்புல ரத்தம் ஜாஸ்தியா ஓடுது. அதே வால்வு வழியா கூடுதலா பாயுறப்ப சத்தம் கேக்குது. பிரசவம் ஆனதும் தானா அடங்கிடும். மூச்சு வாங்குறதும் அதுமாதிரிதான். கனமா தூக்க வேணாம், இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தர்றேன். அந்த மூட்டுக் காய்ச்சல் இவளை விட்டுட்டுப் போயிடுச்சு. அதிர்ஷ்டம்."

அப்போதுதான் மாமா தயங்கித் தயங்கிக் கறுப்பு மூலையைப் பற்றிக் கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்தார். கம்பவுண்டர், நாற்பது வயசு மனிதர், தலையைச் சொறிந்தார். "மைக்கூடு சாஞ்சுடுச்சு சார். பத்து கார்டுல மூலை மட்டும் நனைஞ்சுது. நீல மைதான், காஞ்சப்புறம் கறுத்துப் போச்சு. வீணாக்குவானேன்னு அதுலயே எழுதிட்டேன்."

"பத்து கார்டும் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"அடப்பாவி! ஜில்லா பூராவும் தலை முழுக வச்சிருக்கியே!" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, முன்னால் நின்றுகொண்டு வந்தார். நானும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில். ஆலப்பாக்கம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அத்த, ரெண்டு வருஷமா பேரன் பேரன்னு என்னைப் பாடா படுத்துனீங்க. டாக்டர்கிட்ட புள்ள வேணாம்னு எப்படிச் சொன்னீங்க?"

அத்தை வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதுடி. உன் மூஞ்சிய ரெண்டு வருஷமா தெனம் பாக்குறேன்."